எஞ்சினில் ஒரு 'டக்'

போன சனிக்கிழமை பரமேஸ்வரி அக்கா போன் செய்தார்.

"தம்பி, அவரு வண்டிய நாளைக்குச் சாயங்காலம் எடுத்துட்டுப் போயிருவாங்க. அதுக்குள்ள ஒருதடவ ஓட்டிக் காட்ட முடியுமா? அந்தச் சத்தத்தக் கேக்கணும் போல இருக்குலா."

வண்டி என்றால் கார் இல்லை. ரயில் எஞ்சின்! ஆள் மேலே உட்கார்ந்து ஓட்டுகிற அளவுக்குப் பெரிய மாடல். பார்த்தால் பழைய நீராவி எஞ்சின். உள்ளே இருப்பது பேட்டரியும் மோட்டாரும். அக்காவின் கணவர் சண்முகம் அண்ணன் தன் கையாலேயே கட்டியது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் தன் வீட்டைச் சுற்றித் தண்டவாளமும் போட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை எப்படி மறப்பது? அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சின் மேல் உட்காருவார். நானும் நண்பன் மணியும் பின்னால் பெட்டியில். நரை விழுந்த மூன்று பேர்... கொய்யா மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவோம். பக்கத்து வீட்டுச் சீனர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வாரம் அவரும் ஏறிக்கொண்டார்.

அண்ணன் தவறிப் போன பிறகு எஞ்சின் பின்கட்டில் சும்மா கிடந்தது. இப்போது அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டு, செபராங் ஜெயாவில் மகளின் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார். அங்கே எஞ்சினை எங்கே வைப்பது? சிம்பாங் அம்பாட்டில் இதே கிறுக்குப் பிடித்த ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலையிலேயே நானும் மணியும் போய் உட்கார்ந்தோம். மணி வயர்மேன். நான் ஃபேக்டரி மெயின்டனன்ஸில் குப்பை கொட்டியவன் என்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். எஞ்சின் நின்றால் நான் கரன்ட் கோளாறு என்பேன். அவன் மெக்கானிக்கல் என்பான். அண்ணன் இரண்டு பேரையும் திட்டிவிட்டு அவரே மூடியைக் கழற்றுவார். அன்று திட்ட ஆள் இல்லை. சண்டை போடாமல் வேலை செய்தோம். அதுதான் கஷ்டமாக இருந்தது.

புது பேட்டரி போட்டு மீட்டர் வைத்துப் பார்த்தால், பாதி வழி வரை கரன்ட் வருகிறது — மோட்டாருக்குப் போகவில்லை. ஒரு வயரின் தோலை உரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்து உதிர்ந்தது. பினாங்குக் கடல் காற்று சும்மா விடுமா? மணி வயரை மாற்றினான். மோட்டாருக்குள் கரன்ட்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தூசியில் சிக்கியிருந்தது, துடைத்து விட்டேன். சக்கரம் சுற்றியது!

ஆனால் சுற்றுக்கு ஒரு 'டக்'.

சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டில் புஷ், அதாவது தண்டை ஆடாமல் பிடிக்கும் பித்தளை வளையம், தேய்ந்து ஆடியது. அண்ணன் காலத்திலிருந்தே ஆடியதுதான். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்பார், மாற்றமாட்டார். அவருடைய டூல்ஸ் பெட்டியிலேயே புது புஷ் கிடந்தது. எடுத்து மாட்டினேன். எஞ்சின் வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்கு ஒரே பெருமை.

அக்கா படியில் நின்று ஒரு சுற்று முழுக்கக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லா ஓடுது தம்பி. ஆனா இது அவரு வண்டி இல்லலா."

"ஏன்க்கா?" என்றான் மணி. அக்கா மெதுவாகச் சொன்னார். அடுப்படியில் நின்றால் அந்த 'டக்' மட்டும்தான் காதில் விழுமாம். அது நிதானமாகிக்கொண்டே வந்தால் அண்ணன் இறங்கப் போகிறார் என்று தெரிந்து, அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாராம்.

மணி என்னைப் பார்த்தான். நான் குப்பைத் தொட்டியைப் பார்த்தேன். நல்லவேளை, பழைய புஷ் அதில்தான் கிடந்தது. நல்லதைக் கழற்றிவிட்டுத் தேய்ந்ததை மாட்டுவது... என் சர்வீஸிலேயே இதுதான் முதல் முறை.

மறுபடி ஓட்டினேன். டக்... டக்... டக். அக்கா உள்ளே போய்விட்டார். கொய்யா மரம் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"போதும், எறங்குங்க. தேத்தண்ணி ஊத்தப் போறேன்."

அது எங்களிடம் சொன்னது இல்லை. மணி குனிந்து, விழாத ஸ்க்ரூ ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் எஞ்சினை எடுக்க வந்தவர் கையில் புது புஷ்ஷைக் கொடுத்தேன். வேண்டுமென்றால் மாட்டிக்கொள்ளுங்கள், அவசியமில்லை என்றேன்.

கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறும்போது என் வலது முழங்கால் 'டக்' என்கிறது. டாக்டரிடம் காட்டச் சொல்லி வீட்டில் ஒரே நச்சரிப்பு. இருந்துவிட்டுப் போகட்டுமே!