கம்பியூட்டருக்குத் தைத்த சட்டை

என் வீட்டு ரேடியோ சட்டை போட்டிருக்கிறது. மஞ்சள் பூப்போட்ட சீத்தைத் துணி, அடியில் சுற்றிவரச் சுருக்கு. ரேடியோவோ சின்னது, சட்டையோ பெரியது. அக்காளின் சட்டையைத் தங்கச்சிக்கு மாட்டிவிட்ட மாதிரி தொளதொளவென்று நிற்கும். முன்னுக்கு ஒரு வட்டத் துளை, பின்னுக்கு ஒரு வட்டத் துளை. முன் துளையில் பாட்டு வரும், பின் துளையில் வயர் போகும். அதற்கென்றே தைத்ததுபோல இருந்தாலும் அதற்காகத் தைத்ததில்லை. துளைகளின் ஓரத்தைப் பார்த்தால் தெரியும். மற்ற இடமெல்லாம் பூனை நடந்த தடம்போல மெல்லிய தையல். துளை ஓரத்தில் மட்டும் கறுப்பு நைலோன் நூலால் செருப்புத் தைத்தாற்போல மொத்தையாக இழுத்துத் தைத்திருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் இதென்ன என்று கேட்பார்கள். ஒருத்தியிடம் எலி கடித்தது என்பேன். இன்னொருத்தியிடம் பாடுகிறவனுக்கு மூச்சு முட்டக் கூடாதென்று வெட்டியது என்பேன். உண்மையைச் சொன்னால் என் சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் போதாது.

என் மருமகள் ஓப்பநாயக்கவில் பிறந்த சிங்களப் பிள்ளை. பலாங்கொடையில் என் மகன் வேலை செய்த கடைக்குப் பக்கத்துக் கடையில்தான் அவளும் வேலை செய்தாள். பிறகு என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு அவள் வந்தபோது கையில் ஒரு துணிப் பை, மடியில் ஒரு கம்பியூட்டர் பெட்டி. மற்ற வீட்டு மருமகள்கள் அலுமாரி கொண்டுவந்தார்கள், குத்துவிளக்கு கொண்டுவந்தார்கள். எனக்கு வாய்த்தவள் சிவப்பும் நீலமுமாக மினுங்குகிற பெட்டியோடு த்ரீவீலரில் வந்து இறங்கினாள். "திருவிழாவுக்கு லைட் போட வந்தியா, கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தியா?" என்று கேட்டேன். வெட்கப்பட்டாளே தவிர, பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

அது விளையாட்டுக் கம்பியூட்டர். அவளும் அவள் அப்பாவும் சேர்ந்து, சாமான் சாமானாக வாங்கிப் பூட்டியது. தாயில்லாத பிள்ளை. தகப்பன் பஸ் ஓட்டுகிறவர். கிழமை பூராவும் மலைப் பாதையில் பஸ்ஸை வளைத்து வளைத்து ஓட்டிவிட்டு, ஓய்வு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் மனுஷன் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? வீட்டில் உட்கார்ந்து தன் கம்பியூட்டரில் லொறி ஓட்டுவார். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆறு நாள் கொழுந்து பறித்துவிட்டு ஏழாம் நாள் நான் வாசலில் உட்கார்ந்து செம்பருத்தி இலையைப் பறிக்கிற மாதிரி அல்லவா இது! ஆனால் அந்த விளையாட்டில் இரண்டு பேர் இரண்டு இடத்தில் இருந்துகொண்டு ஒரே ரோட்டில் லொறி ஓட்டலாம், திரையில் எழுதிப் பேசவும் செய்யலாம். மகள் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து அவர் முன் லொறி, அவள் பின் லொறி.

தோட்டத்துத் தமிழ்ப் பையனை, அதுவும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிக்கொண்டாள் என்று தகப்பன் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். போன் எடுத்தால் வெட்டிவிடுவார். அவர் ஓட்டுகிற பஸ் எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருக்கிற சந்தியைத் தாண்டித்தான் போகும். அந்த பஸ் வந்தால் இவள் கடை ஓரமாக ஒதுங்கி நிற்பாள். அது போன பிறகு அடுத்த பஸ்ஸில் ஏறுவாள். கூட நின்று பார்த்தவள் நான். பஸ் அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகும். நிற்காது.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியூட்டரைத் திறந்த பிள்ளை கத்திவிட்டாள். ரோட்டின் தொடக்கத்தில் அவள் அப்பாவின் பச்சை லொறி நின்றது. ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. இவள் லொறி வந்ததும் மெல்ல நகர்ந்தது. இவள் பின்னால் போனாள். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. எனக்கு அது போதுமென்று பட்டது. கோபம் குறையாத ஆளாக இருந்தால் லொறியை அங்கே நிறுத்தியிருக்க மாட்டாரே.

அங்கேதான் சனியன் பிடித்தது. சொந்த வீட்டில் குதிரை மாதிரி ஓடிய கம்பியூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு கிழட்டு மாடு மாதிரி ஆகிவிட்டது. தொடங்கும்போது நன்றாகப் போகும். கொஞ்ச நேரத்தில் படம் நின்று நின்று வரும். இவள் லொறி நொண்டும், ரோட்டை விட்டுப் பள்ளத்தில் இறங்கும். பச்சை லொறி வளைவில் காத்து நிற்கும். அடுத்த ஞாயிறும் அதே கதை, அப்போதும் காத்து நின்றது. அதற்கடுத்த ஞாயிறு நிற்காமல் போய்விட்டது.

மருமகள் அழுதுவிட்டாள். "அம்மா, நான் வேணும்னே பின்னாடி நிக்கிறேன்னு அப்பச்சி நெனைச்சிட்டாரு. இனி வரமாட்டாரு." அப்பாவை அவள் அப்பச்சி என்றுதான் சொல்வாள்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. தோட்டத்துக் கரண்ட் போதாது என்றான் என் மகன். எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து காட்டினோம், கரண்ட் சரி என்றார். சிக்னல் இல்லை என்று ரவுட்டரைக் கம்பில் கட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்கள். காகம் வந்து உட்கார்ந்ததுதான் மிச்சம். பெட்டியைக் கழற்றி பலாங்கொடைக் கடைக்குத் தூக்கிப்போனால், அங்கே சீறிக்கொண்டு ஓடியது. கடைக்காரப் பையன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விடுகிற பிள்ளை மாதிரிதான். எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினால் மறுபடியும் நொண்டல். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி கண்ணூறு என்றாள். "ஒன் கண்ணுதான்டி" என்றேன். ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

இப்போது சட்டைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் டீவிக்கு உறை உண்டு, ஃபிரிஜ்ஜுக்கு உறை உண்டு, தண்ணீர்க் குடத்துக்குக்கூட ஒரு பூத்துணி உண்டு. விறகு அடுப்புப் புகைக்கும் மலைப் பனிக்கும் சாமான் கெடாமல் இருக்க வேண்டுமே. வந்த கிழமையே இதைக் கவனித்த மருமகள், தன் பெட்டி மட்டும் அம்மணமாக நிற்கிறதே என்று நினைத்தாளோ என்னவோ, என் தையல் மெஷினில் உட்கார்ந்து அதற்குச் சுருக்கு வைத்த சட்டை தைத்துவிட்டாள். சுவிட்சுக்கு ஒரு சின்னக் கிழிசல், வயருக்கு ஒரு சின்னக் கிழிசல், மற்றபடி கழுத்து முதல் கால் வரை மூடிய சட்டை. உள்ளே லைட் எரியும்போது மஞ்சள் துணி வெசாக் பண்டிகைக்குக் கட்டுகிற காகிதக் கூடு மாதிரி ஒளிரும். லயமே வந்து பார்த்தது. அதனால் விளையாடும்போதும் அவள் அதைக் கழற்றுவதில்லை. வெளியே கொண்டுபோகும்போது மட்டும் அழுக்குப் படக் கூடாதென்று சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொண்டுபோவோம்.

நிற்காமல் போன பச்சை லொறி அடுத்த ஞாயிறும் வந்தது. வராது என்று இவள் அழுதது வீண். ஆனால் அன்றைக்கும் நொண்டினால் அதுதான் கடைசி என்று எனக்கும் தெரிந்தது. "அப்பாகிட்ட எழுதிக் கேளேன்" என்றேன்.

"என்னான்னு கேக்குறது? ஏன் பேசமாட்டேங்கிறீங்கன்னா?"

"அடியே, அதக் கேட்டா ஓடிருவாரு. மெஷின் இழுக்குதுன்னு எழுது. ஆம்பளைக்குப் பாசத்தப் பத்திக் கேட்டா வாய் தொறக்காது. இஞ்சினப் பத்திக் கேளு, அப்புறம் மூடாது."

எழுதினாள். பச்சை லொறி ஓரம் கட்டி நின்றது. இரண்டு பக்கமும் லைட் விட்டு விட்டு மினுங்கியது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி வந்தது. "ரத் வெலாத?" சூடாகியிருக்கிறதா என்று கேட்கிறார். மலையேறும்போது திணறுகிற வண்டியைப் பார்த்து எந்த டிரைவரும் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே. மருமகள் பெட்டியைத் தொட்டாள், கையை உதறினாள். நானும் தொட்டேன். ரொட்டிக் கல்! நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள் மெதுவாகச் சட்டையைத் தூக்கினாள். அடுப்பு மூடியைத் திறந்ததுபோல அனல் வந்தது. காற்றுக்குப் போக வழியில்லாமல் பாவம், உள்ளேயே வெந்துகொண்டிருந்திருக்கிறது. சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். கொஞ்ச நேரத்தில் இவள் லொறி நொண்டாமல் போய்ப் பச்சை லொறிக்குப் பின்னால் நின்றது.

"சரியாயிருச்சுன்னு எழுதுறேன்" என்று கையை வைத்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுதாத. சரியாயிருச்சுன்னா அவருக்கு என்னா வேலை? கொஞ்சம் பரவாயில்ல, இன்னும் இழுக்குதுன்னு எழுது."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு எழுதினாள். நான் சட்டையைத் துவைத்து மடித்து, பூச்சி அரிக்காமல் பாச்சை உருண்டை போட்ட அலுமாரியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கேள்வியும் பதிலும்தான். தூசு தட்டினாயா என்பார். தட்டினேன், இன்னும் இழுக்கிறது என்பாள். அந்த வயரைப் பிடுங்கிப் பூட்டு என்பார். பூட்டினேன் என்பாள். வயருக்கு இடையில் ஒருநாள் சாப்பிட்டாயா என்று வந்தது. இன்னொரு நாள் மாமியார் எப்படி என்று வந்தது. அதற்கு என்ன எழுதினாய் என்று எத்தனை தரம் கேட்டும் அவள் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. கடைசியில் ஒருநாள், பௌர்ணமி போயா லீவுக்கு நானே வந்து பார்க்கிறேன் என்று எழுதிவிட்டார்.

வீடு கலங்கிப்போனது. வந்து பார்த்தால் நோயாளி எழுந்து ஓடிக்கொண்டிருக்குமே! வேறு வழியில்லை. சட்டையை எடுத்து மறுபடியும் மாட்டினோம். "சும்மா மாட்டுனா போதாது, சூடேறணும்" என்று மகனை உட்காரவைத்து லொறி ஓட்டச் சொன்னேன். மாமனாரை நினைத்த நடுக்கத்தில் அவன் ஒரு பாலத்தையும் விடாமல் இடித்தான்.

சம்பந்தி பயணியாக பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கி, கையில் ரம்புட்டான் கொத்தோடும் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரோடும் ஏறி வந்தார். வாசலில் நின்று என்னைக் கும்பிட்டார். மகள் தலையில் ஒரு தரம் கை வைத்தார். என் மகன் பக்கம் திரும்பவில்லை. நேரே கம்பியூட்டரிடம் போனார். சட்டையைப் பார்த்தார். குனிந்து துணியை மோந்தார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். எட்டிப் பார்த்தபோது, சுருக்கை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"கவ்த மெஹுவே?" யார் தைத்தது என்றார்.

"மங்." நான்தான் என்றாள் மகள், தலையைக் குனிந்துகொண்டு.

கழற்றி எறிவார் என்று நினைத்தேன். மகள் தைத்ததாயிற்றே, எறியவில்லை. என்னிடம் டீக் கோப்பை வைக்கிற பீரிசு ஒன்றும் கத்தரிக்கோலும் கேட்டார். பீரிசைத் துணியில் கவிழ்த்து, பேனாவால் வட்டம் போட்டு, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று வெட்டினார். பஸ் சீட் தைக்கிற நூல் அவர் பையிலேயே இருந்தது. துணி நழுவிக்கொண்டே இருந்ததால், நிமிராமலே என் மகனிடம், "ஹரியட்ட அல்லபங்" என்றார். ஒழுங்காகப் பிடி. மருமகனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அவன் பிடித்த பிடியில் துணி கிழியாமல் இருந்தது எங்கள் குலதெய்வத்தின் புண்ணியம். தலையோடு தலை முட்ட இரண்டு ஆம்பளைகளும் தைத்து முடிக்க, மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்தாள். நான் ரம்புட்டான் உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். யாராவது ஒருத்தர் நிதானமாக இருக்க வேண்டுமே.

சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டவரோடு ரோட்டு முனை வரை நடந்தேன். பஸ்ஸில் கற்ற தமிழில் பேசினார்.

"அக்கே, ரெண்டு மூணு கிழமையா அவ லொறி என்னோட பின்னாடி முட்டுற மாதிரி வந்திச்சு. ஸ்லோவான மெஷின் அப்புடி வராது."

இந்தத் தோட்டத்தில் என் வாயை அடைத்தவர்கள் குறைவு. அவர் திரையிலும் அந்த லொறி தெரியுமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்! சமாளித்துக்கொண்டு கேட்டேன்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏங்க ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கிட்டு வந்தீங்க?"

"சட்டையில பாச்சை உருண்டை வாசம் அடிச்சிச்சு. மடிச்ச கோடும் இருந்திச்சு" என்றார். "நீங்க ஏன் அக்கே மறுபடி மாட்டுனீங்க?"

இரண்டு பேரும் ரோட்டில் நின்று சிரித்தோம். தேயிலைக்குள் இருந்த பெண்டுகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இப்போது மகனும் மருமகளும் இரத்தினபுரியில் இருக்கிறார்கள். அங்கே கம்பியூட்டருக்கு மேசை, ஃபேன் எல்லாம் உண்டு, சட்டை தேவையில்லை. அது எனக்கு மிஞ்சியது. சம்பந்தியின் பஸ் இப்போதெல்லாம் சந்தியில் நின்றுதான் போகிறது. ஏற ஆளில்லாவிட்டாலும் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போகும்.

போன சித்திரை வருஷத்துக்கு சம்பந்தி கொக்கிஸ் பலகாரம் கொண்டுவந்தார். மகளும் மருமகனும் இல்லாத வீட்டில் என்னோடு என்ன பேசுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நானும் அவருடைய டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோ அதன் பாட்டுக்குக் கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. சட்டையின் துளை ஓரத்தில் இருந்த தன் தையலை அவர் கண்டுகொண்டார்.

"அக்கே, ரேடியோ சத்தம் கொஞ்சம் கம்மி மாதிரி இருக்கே?" என்றபடி சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"ஆமாங்க, கொஞ்ச நாளாவே சரியில்ல. பாருங்க" என்றேன்.