குட்டைக் காம்புக் கோடாலி

அந்தக் கோடாலியை அப்பா எனக்காகத்தான் வாங்கினார் என்று நான் நம்பியதில் தப்பு ஒன்றுமில்லை. காரியாபட்டிச் சந்தையில் கடைக்காரர் எடுத்துக் காட்டிய பெரிய கோடாலிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, "காம்பு குட்டையா, கனமில்லாம ஒண்ணு குடுங்க" என்று அவர் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் வீட்டில் என்னைவிடக் குட்டையான பெண் வேறு யார்? பஸ்ஸில் வரும்போது மடியில் வைத்துக்கொள்ள என்னிடமே கொடுத்தார். வேறென்ன சாட்சி வேண்டும்?

அது அறுபதுகளின் கடைசி. மாமா இறந்த பிறகு அத்தை பரளச்சியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கருவை முள் மண்டித் தரிசாகக் கிடந்த எங்கள் வடக்குப் புஞ்சையைத் தன்னிடம் விடும்படி அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வெட்டித் திருத்திக் கம்பு வெதச்சுக்கிறேண்ணே. எத்தன நாளைக்கு ஒங்க சோத்தையே திம்பேன்?"

"பொம்பள கோடாலி எடுத்தா ஊரு சிரிக்கும். பேசாம இரு" என்பார் அப்பா. அதோடு பேச்சு முடியும். மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும்.

வாங்கி வந்த அன்றே அப்பா கோடாலியை மாட்டுத் தொட்டித் தண்ணீரில் போட்டார். "ரெண்டு நாள் ஊறட்டும்" என்றார். காம்பு ஊறி உப்பினால்தான் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் புதுக் கோடாலி துருப்பிடித்துவிடுமே என்று பதறினேன். அப்பா வெளியே போனதும் அதை எடுத்துத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, சோளத்தட்டைப் படப்பின் மேல் வெயிலில் காயவைத்தேன். அவர் தலை தெரிந்ததும் தொட்டிக்குள் போட்டுவிடுவேன். இரண்டு நாளும் இதே சேவை.

மூன்றாம் நாள் காலையில் அப்பா, அத்தை, நான் மூவரும் வடக்குப் புஞ்சைக்குப் போனோம். அப்பா கோடாலியை என்னிடம் நீட்டுவார் என்று பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் அத்தையிடம் நீட்டினார்.

"அந்த ஒரு மரத்த வெட்டிக் காட்டு. அப்பறம் பாப்பம்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கினாள். மூன்றாவது வெட்டில் இரும்பு கழன்று முள்ளுக்குள் போய் விழுந்தது. வெறும் காம்பைப் பார்த்துக்கொண்டே, "ராசியில்லாதவ கையில இரும்பும் நிக்க மாட்டேங்குது" என்றாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

அத்தையின் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. "நாந்தாம்ப்பா அத வெயில்ல காயவச்சேன்" என்று அழுதேன். "துருப்பிடிச்சிரும்ல. என் கோடாலியாச்சே!"

"ஒன் கோடாலியா?"

அப்பா சிரித்த சிரிப்பில் அத்தையும் சிரித்துவிட்டாள். முள்ளுக்குள் கையை விட்டு இரும்பைத் தானே எடுத்து வந்தாள். அப்பா ஒரு சிம்பைச் சீவி, ஆப்பாக அடித்துக் காம்பை இறுக்கிக் கொடுத்தார். வெயில் உச்சிக்கு வருமுன் மரம் சாய்ந்தது.

"மிச்சத்தையும் நீயே வெட்டிக்க. ஊரு சிரிச்சா சிரிக்கட்டும்" என்றார் அப்பா.

அந்தப் புஞ்சையில் அத்தையின் கம்பு விளைந்தது. கூழும் குடித்தேன். ஆனாலும் என் கோடாலியைப் பிடுங்கி அத்தைக்குக் கொடுத்துவிட்டார் என்று வெகுகாலம் குறைபட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் முடியாது முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், சந்தையில் யார் கையை நினைத்துக்கொண்டு அந்தக் காம்பைத் தேடினார் என்பது எனக்கு உறைப்பதற்கு, என் கை அத்தையின் கை அளவுக்கு வளர வேண்டியிருந்தது.