தரையில் கிடந்த பாட்டு வகுப்பு

அடுத்த வீட்டுச் சிறுமி ஸ்டெல்லாவைச் சனிக்கிழமைதோறும் தெருமுனைப் பாட்டு வகுப்பிலிருந்து கூட்டி வருவது என் வேலை. கூச்சத்தில் உள்ளே போகாமல் வாசலிலேயே நிற்பேன்.

அன்று பாட்டுச் சத்தமே இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தால், பிள்ளைகள் எல்லாரும் வரிசையாகத் தரையில் அசையாமல் கிடந்தார்கள். சாப்பிட்டது ஏதும் சேரவில்லையோ என்று பதறிப்போனேன்.

"ஐயோ, ஓடியாங்க! பிள்ளையளுக்கு என்னமோ ஆயிட்டு!" என்று கத்திவிட்டேன்.

எதிர்த்த டீக்கடை அண்ணாச்சி தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார். பின்னாலேயே ஆட்டோக்காரர்களும் வந்தார்கள். பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்து முழித்தார்கள்.

"மூச்சு விடப் படிக்கோம் ஆச்சி. படுத்துக்கிட்டு விட்டாத்தான் வயித்துல இருந்து வருமாம்" என்றாள் ஸ்டெல்லா.

"அப்ப நாங்க இம்புட்டு நாளும் தப்பாவா விட்டோம்?" என்றார் அண்ணாச்சி.

ஜன்னலுக்குத் தெரியாத மூலையில் இருந்த பாட்டு டீச்சர் சிரித்துக்கொண்டே பிள்ளைகளைப் பாடச் சொன்னார். நீளமான ஒரு வரியை எல்லாரும் ஒரே மூச்சில் பாடினார்கள். குடத்தை இறக்கி வைக்கக்கூட மறந்து நின்றார் அண்ணாச்சி. எங்கள் தெரு ஆட்கள் இப்படிச் சேர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

படுப்பதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தமோ, இன்னும் எனக்கு விளங்கவில்லை. இப்போதெல்லாம் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். பாட்டு நின்றால், கத்துவதற்கு முன்னால் பிள்ளைகளின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன்.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை