கண்ணாடி நூலும் கறுப்பு வயரும்

"வயர் இழுக்கிறவன் எல்லா வீட்டுக்குள்ளையும் போவான், ஆனா..." என்று எங்கள் பெரியப்பா ஒரு வசனம் தொடங்குவார். அவர் ரெலிபோன் வயர் இழுத்தவர். அந்த "ஆனா"வுக்குப் பிறகு என்ன சொன்னார் என்பது எனக்கு நினைவில்லை. "ஒரு வீட்டிலையும் இருக்கமாட்டான்" என்றாரா, "ஒண்டையும் பாக்கப்படாது" என்றாரா? பதினைந்து வயதில் நோர்வேக்குப் போனபோது பாதி வசனத்தைத்தான் கொண்டு போயிருக்கிறேன். அங்கே மிச்சப் படிப்பை இன்னொரு மொழியில் முடித்து, வேலை பார்த்து, நாற்பத்தைந்து தாண்டித் திரும்பி வந்து, கடைசியில் நானும் வயர் இழுக்கிறவன் ஆனேன்.

அரியாலையிலும் குருநகரிலும் கேபிள் ரீவி. கூப்பிட்ட ஊருக்கெல்லாம் இணையம், கமரா. ஆள்பலம் நானும் நேசனும். என்னைவிட இரண்டொரு வயது இளையவன் நேசன். அவன் கம்பத்தில் ஏறுவான், நான் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பேன். வயருக்குப் பின்னால் வானம் இருக்கும். வானத்தில் கண் போய்விட்டால் நேசன் மேலிருந்து குறடு கேட்பது என் காதில் விழாது. "அண்ணை, இறங்கி வந்து எழுப்பட்டே?" என்று அவன் கத்தும்போதுதான் நான் கீழே இருப்பது எனக்கே தெரியும்.

நல்ல கட்டம் வரும் நேரம் பார்த்துத் திரையில் வட்டம் சுற்ற, கையில் றிமோட்டோடு காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் திட்டுவது என்னைத்தான். ஆனால் அதே நேரத்தில் என் வீட்டிலும் வட்டம்தான் சுற்றுகிறது என்பதை நம்புங்கள்.

போன தை மாதம் ஒரு பெரிய கம்பனி என்னைத் தேடி வந்தது. கண்ணாடி நூல் மாதிரி மெல்லிய பைபர் வயரை வீடு வீடாகக் கொடுக்கிற கம்பனி. என் வாடிக்கையாளர் எல்லோரையும் தாங்கள் எடுப்பார்களாம், நேசனுக்கு நிரந்தர வேலை கொடுப்பார்களாம், எனக்கும் குறை வைக்கமாட்டார்களாம். ஒரே ஒரு நிபந்தனை: பழைய கறுப்புக் கேபிளை நான் முற்றாக நிறுத்தவேண்டும். பங்குனி முடிவதற்குள் ஓம் அல்லது இல்லை. அந்தப் பதிலை யோசித்துக்கொண்டு நான் வீடு வீடாகத் திரிந்த நாள்களில் நடந்தவைதான் இவை.

ஒரு ஒழுங்கை, பல பொழுதுகள்

அரியாலையில் கடலேரியைப் பார்த்தபடி போகும் ஒரு ஒழுங்கை. பின்னேரம் வேலை முடிந்து அதால்தான் நடந்து வருவேன். எல்லா வீட்டிலும் கேபிள் இருந்தபோது, நாடகத்தில் மாமியார் ஒரு வீட்டு யன்னலில் தொடங்கிய வசனத்தை அடுத்த வீட்டு யன்னலில் முடிப்பாள். மருமகள் பதில் சொல்வதற்குள் நான் அடுத்த வீட்டு வாசல் படலைக்கு வந்துவிடுவேன். ஒரு காட்சியும் தவறாது. இப்போது பாதி வீட்டில் அந்தக் கம்பனியின் பைபர். அவரவர் விரும்பிய நேரத்தில் விரும்பிய பகுதி. ஒரு யன்னலில் மருமகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், அடுத்ததில் அவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது, அதற்கும் அடுத்ததில் அவள் இன்னும் பள்ளிக்கூடம் போகிறாள். கடலேரிக் காற்றும் சேர்ந்துகொள்ள, நித்திரைக்குள் நடப்பது போல இருக்கும். எந்த யன்னல் இன்றைக்கு, எந்த யன்னல் போன கிழமை என்று தெரியாது.

அந்த ஒழுங்கையில் முதன்முதலாகப் பைபருக்கு மாறியவர் கமலாக்கா. ஒழுங்காக வேலை செய்கிறதா என்று படலையில் நின்று கேட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவை நாடியால் காட்டினார். "வேலையெல்லாம் நல்லாச் செய்யுது தம்பி, ஒரு குறையும் சொல்லேலாது. ஆனா நான் போன கிழமை அழுது முடிச்ச இடத்துக்கு உவள் இண்டைக்குத்தான் வந்திருக்கிறாள். நான் இனி ஆரோடை இருந்து கதைக்கிறது?"

மாறிப்போன முகம்

எங்கள் கேபிளில் எங்களுக்கென்று ஒரு அலைவரிசை உண்டு. காலையில் அதில் மரண அறிவித்தல் போகும். அரியாலையில் பலர் பாணும் சம்பலும் சாப்பிடுவது அதைப் பார்த்துக்கொண்டுதான். ஒருநாள் இராசையா என்பவர் தவறிப்போனார். படத்தை அனுப்பியது லண்டனில் இருக்கும் பேரப்பெடியன். கல்யாணவீடு ஒன்றில் இராசையாவும் தமையன் செல்லையாவும் தோளோடு தோள் நின்று எடுத்த படம் அது. பேரன் இருவரையும் நேரில் கண்டு கனகாலம். வெட்டும்போது தாத்தாவை விட்டுவிட்டுப் பெரிய தாத்தாவை வெட்டி அனுப்பிவிட்டான். அப்படியே நாங்களும் போட்டுவிட்டோம்.

செத்தவீட்டுப் படலையில் நின்று வந்தவர்களை "வாங்கோ, வாங்கோ" என்று உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தவர் செல்லையா ஐயா. காலையில் ரீவி பார்த்துவிட்டு வந்த சனம் அவரைக் கண்டு படலையோடு நின்றுவிட்டது. துணிவுள்ள ஒருவர் மட்டும் அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தாராம். நான் பதறிக்கொண்டு ஓடிப்போய், உடனே படத்தை மாற்றிவிடுகிறேன் என்றேன். ஐயா முற்றத்துப் பந்தலுக்குள் கிடத்தியிருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "விடும் தம்பி, மாத்த வேண்டாம். அவன் எந்தப் படத்திலையும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிப்பான். ஒருநாளைக்கு என்ரை முகத்தோடை இருந்திட்டுப் போகட்டும்."

ரீச்சரின் பெட்டி

எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் மனோன்மணி ரீச்சர் கம்பஸ் பெடியளுக்கு அறைகள் வாடகைக்குக் கொடுக்கிறார். வீடு முழுக்க ஒரே இணையம். ரீச்சருடைய ரீவிப் பெட்டிக்கும் பெடியளின் போன்களுக்கும் ஒரே கணக்கு. பெடியள் அறைக்குள் பார்க்கிறதை வைத்துப் பெட்டி ரீச்சருக்குப் படம் தெரிவு செய்யத் தொடங்கிவிட்டது. கந்தசஷ்டி தேடுகிற ரீச்சருக்கு முன்னால் பேய்ப்படம், கார் ஓட்டம், கொரியா நாடகம் எல்லாம் வரிசையில் வந்து நின்று, இவையெல்லாம் உங்களுக்குப் பிடிக்கும் என்றன. ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, பரீட்சைக்குப் படிக்கிற பெடியளின் வண்டவாளம் முழுதும் திரையில் கிடப்பதைக் காட்டினார்.

கணக்கைப் பிரித்துவிட்டால் எல்லாம் சரிவரும், இரண்டு நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். திரையில் கொரியாப் பெண் ஒருத்தி பனிக்குள் நின்று பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பனியைப் பார்த்ததும் எனக்கு முன்னால் ஒஸ்லோவின் ஒரு பஸ் தரிப்பிடம் வந்துவிட்டது. அங்கே இருந்தபோது நான் நினைத்துக்கொண்டு நின்றது இந்தத் திருநெல்வேலி வெயிலை. இங்கே வியர்க்க வியர்க்க அங்கே நிற்கிறேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, ரீச்சரும் பக்கத்துக் கதிரையில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேபிளில் இந்தப் பனி ஒருநாளும் வந்திராது. கம்பனிக்கு ஓம் என்று சொல்லிவிடலாம் என்று பட்டது. நான் றிமோட்டை எடுக்க, ரீச்சர் கையைப் பிடித்தார். "பிரிக்க வேண்டாம் தம்பி, அந்தப் பெட்டைக்கு என்ன நடக்குதெண்டு நான் பாக்கோணும். பெடியளுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்."

பண்டத்தரிப்பில் ஒரு துவாய்

சூரிச்சிலிருந்து ஒரு மகன் போன் எடுத்தான். பண்டத்தரிப்பில் தகப்பன் தனியே இருக்கிறார், விறாந்தைக் கமரா இருண்டுபோய்க் கிடக்கிறது, கெதியாகப் போய்ப் பாருங்கோ என்றான். பதட்டம் குரலில் தெரிந்தது. நானும் மோட்டார்சைக்கிளில் பறந்தேன். வழியெல்லாம் வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற இந்த வீடுகளில் இணையத்துக்குக் காசு கட்டுகிறவர் ஒரு நாட்டில், பாஸ்வேர்ட் இன்னொரு நாட்டில், பாவிக்கிறவர் இங்கே. எனக்கு யார் வாடிக்கையாளர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தகப்பன் சிவபாதம் அண்ணை மேலுக்கு ஒன்றும் இல்லாமல் சாரத்தோடு, விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிச் சுகமாகக் கிடந்தார். கமராவின் மேல் ஈரத் துவாய் ஒன்று தொங்கியது. நான் செருமினேன். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "அவன் பாக்கிறான் எண்டு விடிஞ்சாப் பொழுதுபட்டாச் சட்டையோடை இருக்கிறன் தம்பி. இண்டைக்குச் சரியான வெக்கை. வயர் பழுதெண்டு சொல்லிவிடுங்கோ, பின்னேரம் திருத்துவம்."

குளிர் அறை

மாசியில் கம்பனி என்னையும் நேசனையும் பேச அழைத்தது. குளிரூட்டிய அறை, சுவர் அகலத்துக்குத் திரை. மகனாக இருக்கக்கூடிய வயதில் ஒரு முகாமையாளர், மிகவும் மரியாதையான பிள்ளை. நான் என் சங்கடத்தைச் சொன்னேன்: கேபிளில் மிச்சமிருக்கிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், ஏலாதவர்கள். சுவிச்சைப் போட்டால் வருகிறதைப் பார்க்கிறவர்கள். அவர் சிரித்துக்கொண்டு, எங்கள் அலைவரிசையையே புதுப் பெட்டிக்குள் போட்டுத் தரலாம், படம் இன்னும் தெளிவாக இருக்கும், ஒரு வீட்டில் பூட்டிப் பாருங்கள் என்றார். பெட்டி ஒன்றையும் இனாமாகத் தந்தார். மறுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து மோட்டார்சைக்கிளில் ஏறும்போது நேசன் ஒரு காலை இரண்டு கையாலும் தூக்கிப் போட்டான். கம்பம் ஏறி ஏறித் தேய்ந்த கால். கம்பனியில் மேலே ஏறுவதற்குத் தூக்கு வாகனம் இருக்கிறது. அவன் ஒருநாளும் எனக்கு நெருக்குதல் தந்ததில்லை, அன்றைக்கும் தரவில்லை. "நீங்கள் ஆறுதலா யோசியுங்கோ அண்ணை. என்ரை முழங்கால் யோசிச்சு முடிச்சிட்டுது."

அந்தோனி அண்ணையின் கடல்

பெட்டியை எங்கே பூட்டிப் பார்ப்பது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. குருநகரில் அந்தோனி அண்ணைக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. முன்பு ஒருமுறை படகில் விழுந்து முதுகெலும்பு அடிபட்டது. கதை, சிரிப்பு, நையாண்டி ஒன்றும் குறையவில்லை. எங்கள் அலைவரிசையில் காட்ட ஒன்றும் இல்லாத நேரத்தில் இறங்குதுறையில் பூட்டியிருக்கும் கமராவை அப்படியே ஓடவிடுவோம். விளக்கமும் இல்லை, பாட்டும் இல்லை, கடலும் படகுகளும் மட்டும். வேறு யாரும் அதைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அண்ணை பார்ப்பார். மகன் யூட் தொழிலுக்குப் போயிருப்பான். மனைவி திரேசாக்கா விடிய அண்ணையைச் சாய்த்து இருத்தி, ரீவியைப் போட்டுவிட்டு, மீன் ஏலத்துக்குப் போய்விடுவா. யூட்டின் நீலப் படகு திரையின் ஓரத்தில் வரும்வரைக்கும் அண்ணை கண் வெட்டமாட்டார். வந்தபிறகுதான் மூச்சு விடுவார்.

புதுப் பெட்டியில் அதே கடலைப் போட்டுக் கொடுத்தோம். படகின் இலக்கம்கூடத் தெரிந்தது. "அட, யூட்டின்ரை தலைமயிரையும் எண்ணலாம்போலை கிடக்கு" என்று அண்ணை சந்தோசப்பட்டார். கறுப்பு வயரை நேசன் கழற்றிச் சுருட்டினான். நானும் மனதுக்குள் கம்பனிக்கு ஓம் சொல்லிவிட்டேன்.

அடுத்தநாள் மத்தியானத்துக்கு முன் நானும் நேசனும் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனோம். அன்றைக்குக் கடலில் காற்று. திரேசாக்கா இன்னும் வரவில்லை. கதவு திறந்து கிடந்தது. திரையில் கடல் இல்லை. கறுப்பில் வெள்ளை எழுத்தில் ஒரு வசனம் நின்றது: "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" கீழே ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். கனநேரம் யாரும் றிமோட்டைத் தொடாவிட்டால் பெட்டி அப்படிக் கேட்கும். பதில் வராவிட்டால் படத்தை நிறுத்திவிடும். றிமோட் அண்ணையின் மடியில்தான் கிடந்தது. அவருடைய முகம் முழுக்க வியர்வை. நான் ஓடிப்போய் ஆம் கட்டத்தை அமத்தினேன். கடல் வந்தது. அதற்குள் யூட்டின் நீலப் படகு எப்போதோ வந்து, கயிற்றில் கட்டுண்டு, அலையில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்வியை எடுத்துவிட வழியில்லையா என்று அங்கேயே நின்று கம்பனிக்குப் போன் எடுத்தேன். எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரித்தான், மாற்ற ஏலாது என்றார்கள். நான் போனை வைத்துவிட்டுத் திரும்ப, நேசன் அண்ணையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணை படகிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "நான் ஓம் ஓம் எண்டு கத்திக்கொண்டுதான் இருந்தனான் தம்பி. அதுக்குக் கேக்கேல்லை."

அன்றைக்கே அண்ணை வீட்டில் கறுப்பு வயரைத் திரும்பப் பூட்டிவிட்டோம். பங்குனி முடிவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை கம்பனிக்குப் போய், எனக்குத் தருவதாகச் சொன்னதை விட்டுக்கொடுத்து அந்த நிபந்தனையை எடுப்பித்து, நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வரும் என் இணைய வாடிக்கையாளர்களையும் நேசனையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு, குறைந்துகொண்டு போகிற கேபிளை நான் வைத்துக்கொண்டேன்.