அறுபத்தோராயிரம் பாயிண்டும் ஒரு நீலப் பெட்டியும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு நீலப் பெட்டி இருக்கிறது. சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டு போகிற வகை. அதில் ஒரு சக்கரம் வந்த நாளிலிருந்தே சரியாகச் சுற்றாது. ஒன்பது வருஷம் விமானத்தில் அலைந்து சேர்த்த பாயிண்டுக்குக் கடைசியில் விமானக் கம்பெனி கொடுத்தது, எனக்கு மிஞ்சியது, அந்தப் பெட்டிதான். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது மட்டும் கீழே இறக்குவோம். ஒருமுறை பெயிண்டர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதே சார், எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டார். "அறுபத்தோராயிரம்" என்றேன். ரூபாய் என்று நினைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் திருத்தவில்லை. திருத்தப் போனால் முழுக் கதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் ஊர் திருவண்ணாமலை. அது தனி மாவட்டமான வருஷம்தான் எங்கள் கல்யாணம். மனைவிக்குக் கீழ்பென்னாத்தூர். அம்மா இல்லாத வீடு. அவளுக்கும் அவள் தங்கைக்கும் பதினோரு வயது வித்தியாசம். தங்கைக்குத் தலை பின்னிவிட்டது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது, வயதுக்கு வந்தபோது பக்கத்தில் இருந்தது எல்லாம் அவள்தான். எங்கள் கல்யாணத்தன்று அந்தப் பெண் அக்காவின் புடவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு அவளும் வளர்ந்து, கல்யாணமாகி, சிங்கப்பூர் போனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். "இத்தினி வருசம் எனக்கு நீ ஆக்கிப் போட்ட. ஒருவாட்டி என் வூட்டுக்கு வாக்கா, நான் உனக்கு ஆக்கிப் போடறேன்" என்பாள். "வரேன்டி" என்று சொல்லிவிட்டு மனைவி என் முகத்தைப் பார்ப்பாள்.

நான் அப்போது சென்னைக் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் என்ஜினியர். அரிசி ஆலைகளில் கறுப்பு அரிசியையும் கல்லையும் பொறுக்கித் தள்ளுகிற மெஷின் எங்களுடையது. மெஷின் நின்றால் ஆலை முதலாளிக்கு மூச்சு நின்ற மாதிரி. அதனால் ராய்ப்பூர், பாட்னா, கல்கத்தா என்று என்னை விமானத்தில் அனுப்பிவிடுவார்கள். மாதத்துக்கு மூன்று தடவை போவேன். ஒருநாள் விமான நிலையத்தில் ஒரு பெண் என் கையில் ஃபாரம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னாள். ஒரு மாதத்தில் பெயர் பொறித்த அட்டை வந்தது. பறக்கப் பறக்க பாயிண்ட் ஏறும். சேர்ந்தால் இலவச டிக்கெட். கூட வந்த புத்தகத்தில் சிங்கப்பூருக்கு எவ்வளவு என்று தேடினேன். போய்வர ஆளுக்கு இருபதாயிரம் பாயிண்ட்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். "நாப்பதாயிரம் சேந்தா ரெண்டு பேரும் போய் வரலாம். பைசா செலவு கிடையாது."

"எனக்கு மட்டும்னா இருபது போதுமேங்க" என்றாள்.

"தனியா எப்படிப் போவ? மொத மொத பிளேன் ஏறப் போற, நான் பக்கத்துல இருக்க வேணாமா?"

அவள் சிரித்தாள். நான் வாழ்க்கையில் சொன்ன ஆசை வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. அதற்காகவே அவள் ஒத்துக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

இருபதாயிரம் சேர மூன்று வருஷம் ஆனது. நியாயமாக அப்போதே அவளை அனுப்பியிருக்க வேண்டும். இன்னும் பாதிதானே என்று விட்டேன். முப்பத்தெட்டாயிரத்தில் நிற்கும்போது ஒரு கடிதம் வந்தது. மதிப்புக்குரிய உறுப்பினரே என்று ஆரம்பித்து, என் பயண அனுபவத்தை மேம்படுத்துவதற்காக என்று நடுவில் சொல்லி, சிங்கப்பூர் இனி இருபத்தைந்தாயிரம் என்று கடைசி வரியில் முடித்திருந்தார்கள். எதை மேம்படுத்தினார்கள் என்று அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்தும் எனக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம் எனக்கு வெறி பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கல்கத்தாவுக்கு நேர் விமானம் இருக்கும்போது பம்பாய் சுற்றிப் போவேன். ஆபீசில் டிக்கெட் போடுகிற பெண்ணிடம் நைசாகப் பேசி, விலை ஒன்றாக இருந்தால் சுற்று வழியையே போடச் சொல்வேன். ஒரு நாள் முன்னால் வர வேண்டியவன் ஒரு நாள் பின்னால் வருவேன். அப்படிப் பல பௌர்ணமிகளுக்கு மனைவி பக்கத்து வீட்டுப் பெண்களோடு கிரிவலம் போனாள். "ஊரு ஜனம் மலைய சுத்துது, புண்ணியமாவது சேருது. நீங்க பம்பாய சுத்திட்டு வரீங்க" என்பாள். கிண்டல்தான். கோபம் அதில் எவ்வளவு இருந்தது என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

கல்கத்தாவில் நான் தங்குகிற ஹோட்டலிலும் பாயிண்ட் உண்டு. அதை விமான பாயிண்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்ததும், ஆலைக்குப் பக்கத்தில் இருந்த வசதியான லாட்ஜை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் தள்ளி இருந்த அந்த ஹோட்டலுக்கே போவேன். இரண்டு வருஷம் கழித்து, இரண்டு ஹோட்டல் பாயிண்டுக்கு ஒரு விமான பாயிண்ட் என்றிருந்ததை நான்குக்கு ஒன்று என்று ஆக்கினார்கள். ஹோட்டலும் ஒரு படி உயர்ந்துவிட்டதாம். அதே கட்டில், அதே ஒழுகுகிற குழாய், உயர்ந்தது நான் கொடுக்க வேண்டிய கணக்கு மட்டும்தான். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆசிரமத்துக்கு அருகே செங்கம் ரோட்டில் பாய் ஒருவர் டிராவல்ஸும் இன்டர்நெட் சென்டரும் சேர்த்து நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர்கள்தான் அவருக்கு வாடிக்கை. பாயிண்ட் விஷயத்தில் அவர்கள் என்னைவிட மோசம். ஆளாளுக்கு நான்கு அட்டை வைத்துக்கொண்டு, தியானத்துக்கு வந்த இடத்தில் விலைப்பட்டியலைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். ஆளுக்கு முப்பதாயிரம் என்று இரண்டாம் தடவை ஏற்றியபோது பாய் என்னிடம் சொன்னார்: "நம்ம மலைய பாருங்க சார், சுத்துனா பதினாலு கிலோமீட்டர். அன்னைக்கும் பதினாலு, இன்னைக்கும் பதினாலு. ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல. இவனுங்க நீங்க கிட்ட வர வர மலைய தள்ளி வெக்கிறானுங்க. இருக்கறத வெச்சு அக்காவ மட்டும் அனுப்பிடுங்க."

நான் கேட்கவில்லை. அவளோடு பக்கத்தில் உட்கார்ந்து போவது என்பது எனக்கு ஒரு வைராக்கியமாகிவிட்டிருந்தது. அது அவளுக்காக இருந்ததா, விமானக் கம்பெனியிடம் தோற்கக்கூடாது என்பதற்காக இருந்ததா என்று கேட்டால் எனக்கு இன்றும் பதில் தெரியாது.

அந்த வருஷம் தங்கை உண்டாகியிருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து. படுக்கையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டி வரவும் வழியில்லை, வந்து இருக்கத் தாயும் இல்லை. "ஐப்பசியில தேதி சொல்லியிருக்காங்கக்கா. நீ பக்கத்துல இருந்தா எனக்கு பயமே இருக்காது" என்று போனில் அழுதாள். மனைவி ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அன்றைக்கே போய் லீவு சொல்லி வைத்தாள். பாஸ்போர்ட் தயாராக இருந்தது. விசாவைப் பாய் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஆடி பிறந்து நான்காம் நாள் என் கணக்கில் அறுபத்தோராயிரம் பாயிண்ட் ஏறியது. இரண்டு பேருக்கு அறுபது போதும். பாய் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "புரட்டாசி நடுவுல ரெண்டு சீட் காலியா இருக்குது சார், இப்பவே போட்டுடவா?" என்றார். வீட்டுக்கு போன் போட்டேன். "போட்டுடுங்க" என்றாள் மனைவி. எனக்குத்தான் மனசு வரவில்லை. ஒன்பது வருஷம் காத்து, முதன்முதலாகக் கடல் தாண்டிப் போகிறோம், அதுவும் பிரசவத்துக்கு. ஆடியில் யாராவது நல்ல காரியத்தைத் தொடங்குவார்களா? எங்கள் வீட்டில் ஆடியில் ஒரு மிக்ஸிகூட வாங்கியதில்லை.

"நமக்கு இன்னாங்க ஆடி? கொழந்த பொறக்கப் போற காரியம்" என்றாள்.

"அதனாலதான் சொல்றேன். ஆடி கழியட்டும், ஆவணி ஒண்ணாந்தேதி நானே போய் போடறேன்" என்றேன். வைத்துவிட்டு ராய்ப்பூர் கிளம்பிப் போனேன்.

ஆவணி முதல் தேதி குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, செங்கம் ரோட்டுக்குப் போனேன். பாய் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஆளுக்கு நாப்பத்தஞ்சாயிரம்னு காட்டுது சார். ஆகஸ்ட் ஒண்ணுலேர்ந்து." முன்கூட்டியே கடிதம் போட்டிருந்தார்கள். அது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. எனக்கு வருகிற கடிதத்தை மனைவி பிரிக்க மாட்டாள், அடுக்கி வைப்பாள். நான் ராய்ப்பூரிலிருந்து வந்த அலுப்பில் அந்த அடுக்கைத் தொடவில்லை. நான் ஆடி பார்த்தேன். அவர்களுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் யாராக இருந்தாலும் கத்துவார்கள். அவள் கத்தவில்லை. "சரி, எனக்கு மட்டும் போடுங்க. அதுக்கு இருக்குதில்ல?" என்றாள். இருந்தது. ஆனால் சீட் இல்லை. பாயிண்டில் போகிறவர்களுக்கு என்று விமானத்தில் மூன்று நான்கு இடம்தானாம், புரட்டாசி முழுக்க அது போய்விட்டதாம். யாராவது கேன்சல் செய்தால் கிடைக்கும் என்றார்கள். தினமும் பாய் கடைக்குப் போனேன். தினமும் வந்து, "அடுத்த வாரம் கெடச்சிடும்" என்றேன். இலவு காத்த கிளி என்று எங்கள் தமிழய்யா பாடம் நடத்தியபோது நான் நன்றாகச் சிரித்திருக்கிறேன்.

புரட்டாசி கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் போன் வந்தது. தங்கையின் கணவர். இரண்டு வாரம் முன்னதாகவே வலி எடுத்து, குழந்தை பிறந்துவிட்டது. பெண். இரண்டு பேரும் சௌக்கியம். "உள்ள போற வரைக்கும் அக்கா, அக்கான்னுதான் சொல்லிட்டிருந்தா" என்றார் அவர், சாதாரணமாக. மனைவி ரிசீவரை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"பாய் கிட்ட குடுத்து, எந்த பிளேன்ல எடம் இருக்குதோ அதுல போடச் சொல்லுங்க."

உள்ளே ஒரு டிக்கெட்டுக்கான பணம் முழுசாக இருந்தது. "எப்பலேர்ந்து இது இருக்குது?" என்றேன்.

"மூணு வருசமா இருக்குது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ரெண்டு பேரும் சேந்து போலாம்னு நீங்க ஆசப்பட்டீங்களே. அப்புறம் தெனமும் அடுத்த வாரம் கெடச்சிடும்னீங்க" என்றாள். குரலில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

இரண்டாம் நாள் அவளைச் சென்னைக்கு அழைத்துப் போனேன். பஸ் கீழ்பென்னாத்தூரைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். மடியில் பத்திய மருந்தும், பூண்டு ஊறுகாயும், பழைய நூல் புடவையைக் கிழித்துக் குழந்தைக்கென்று துவைத்த துணியும் வைத்த பை. விமான நிலையத்தில் ஒரு அதிகாரியிடம் கெஞ்சி, முதல் தடவை போகிறாள் என்று சொல்லி, கவுன்டர் வரைக்கும் கூடப் போக அனுமதி வாங்கினேன். கவுன்டரில் இருந்த பெண் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாயிண்ட் கார்டு ஏதாச்சும் இருக்கா மேடம்?" என்று கேட்டாள்.

நான் என்னையறியாமல் பர்ஸைத் திறந்துவிட்டேன். ஒன்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. அட்டை பாதி வெளியே வந்திருந்தது. மனைவி அதைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பினாள்.

"இல்லம்மா" என்றாள். "நான் என் தங்கச்சியப் பாக்கப் போறேன்."

அந்தப் பெண்ணுக்கு அது புரிந்திருக்காது. புன்னகைத்துவிட்டு, ஜன்னலோரச் சீட்டு ஒன்று இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றாள் மனைவி. பக்கத்துச் சீட்டில் யார் என்று நான் கேட்கவில்லை.