காப்பு கட்டிய கையில் ஊசி

இரண்டு வருடத்துக்கு முன், சித்திரை மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் லயம் என்றால் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளின் வரிசை; அதில் எங்கள் காம்பராவில் அன்றைக்கு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் வீட்டுக்காரர். கொழும்பில் கார்மெண்டில் வேலை செய்கிற மகள்; காப்பு கட்டுவதிலிருந்து திருவிழா முடியும்வரை ஒரு மாதம் லீவு போட்டு வந்திருந்தாள். பண்டாரவளையில் மரக்கறிக் கடையில் மூட்டை தூக்குகிற மகன், அவனும் வந்திருந்தான். வாசலில் குடையை மடக்கிக்கொண்டு மருத்துவிச்சி மிஸ்.

மிஸ் பலகையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

"வீட்டுல எத்தன பேர் அண்ணே?"

"இதென்ன கேள்வி மிஸ். எல்லாம் கண்ணு முன்னாலதான நிக்குது. எண்ணிக்கங்க."

"கேட்டுத்தான் எழுதணும் அண்ணே."

"நாலு."

மிஸ் எங்களுக்கு அந்நியமில்லை. அடுத்த தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து வேலைக்கு வந்த பிள்ளை. அவர் வந்த விஷயம் இதுதான். மழை நேரத்தில் வருகிற சளிக்காய்ச்சலுக்கு ஒரு தடுப்பூசி வந்திருந்தது. எல்லோருக்கும் போடுகிற அளவுக்கு இல்லை. நெஞ்சு வியாதிக்காரர், சீனி வியாதிக்காரர், இவர்களுக்கு மட்டும். என் வீட்டுக்காரரின் பெயரையும் எழுதியிருந்தார்கள்.

அவர் தேயிலை பெக்டரியில் சலிக்கும் அறையில் வேலை செய்தவர். அங்கே தூசி புகை மாதிரி நிற்கும். அதையே இழுத்து இழுத்து நெஞ்சில் இழுப்பு வந்துவிட்டது. சட்டைப் பையில் இழுப்புக்கு அடிக்கிற பம்ப் இல்லாமல் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குக்கூடப் போகமாட்டார்.

"நாளைக்குக் காலையில டிஸ்பென்சரிக்கு வாங்க அண்ணே. அஞ்சு நிமிசம். போட்டுட்டு வேலைக்குப் போயிரலாம்."

என் வீட்டுக்காரர் வலது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் நூல். முந்தின நாள்தான் மாரியம்மன் கோயிலில் காப்பு கட்டியிருந்தார்கள். திருவிழாவுக்கு இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தது. வருடா வருடம் தீச்சட்டி எடுப்பவர் அவர். மகள் கைக்குழந்தையாய் இருந்தபோது பிழைக்கமாட்டாள் என்று சொன்னார்கள். பிழைத்தாள். அந்த வேண்டுதல்.

காப்பு கட்டிவிட்டால் எங்கள் லயத்தில் சில பழக்கம் உண்டு. மீன் கருவாடு எடுப்பதில்லை. தாளிப்பதில்லை. தோட்டத்தை விட்டு வெளியே போய்த் தங்குவதில்லை. உடம்பில் ஊசி ஏற்றிக்கொள்வதில்லை. கடைசியில் சொன்னதை யார் சொல்லிவைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்தோம்.

மிஸ் விடவில்லை.

"முதுகுல முள்ளுக் குத்திக்கிட்டுக் காவடி எடுக்கிறாங்க. அதுக்கு அம்மா கோவிக்கிறதில்ல. இந்தச் சின்ன ஊசிக்கா கோவிக்கப் போறா?"

"அது அவளுக்காகக் குத்திக்கிறது மிஸ். இது எனக்காகக் குத்திக்கிறது."

மகன் சிரித்தான். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பா, கொழும்புல காசு குடுத்துப் போட்டுக்கிறாங்க. நமக்கு சும்மா குடுக்கிறாங்க, வேணாங்கிறீங்க."

"கொழும்புக்காரன் சட்டி தூக்கப் போறானா?"

பிறகு மிஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னார். ஊசி போட்டால் ஒரு நாள் உடம்பு காயும் என்கிறார்களே. காப்பு கட்டினவனுக்குக் காய்ச்சல் வந்தால் லயத்தில் வேறு மாதிரிப் பேசுவார்கள். விரதத்தில் ஏதோ தப்புப் பண்ணிவிட்டான் என்பார்கள். சட்டியை வேறு ஆள் கையில் கொடுத்துவிடுவார்கள். அவருக்கு அதுதான் பயம்.

"திருவிழா முடிஞ்ச மறுநாள் நானே வர்றேன் மிஸ்."

"அப்ப ஊசி இருக்காது அண்ணே. வந்ததே கொஞ்சம்."

"இல்லாட்டி இல்ல."

மிஸ் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த லயத்துக்குப் போனார்.

மறுநாள் விடிய, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "ஒரு எட்டுப் போய்ப் போட்டுக்கிட்டு வாங்களேன்." அவர், "சும்மா இரு புள்ள" என்றார். நான் சும்மா இருந்தேன். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டேன். டிஸ்பென்சரிக்கு யார் போனார்கள், யார் போகவில்லை என்று நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானத்துக்கு மேல் மழை. லயத்தில் முதலில் பிள்ளைகளுக்கு இருமல் வந்தது. எங்கள் காம்பராக்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. முதல் காம்பராவில் இருமினால் கடைசிக் காம்பராவில் கேட்கும். இருமல் ஒவ்வொரு வீடாகத் தாண்டி வந்தது. பிள்ளைகள் இரண்டு மூன்று நாளில் எழுந்து ஓடின. பெரியவர்களுக்குத்தான் கூடுதலாக இழுத்தது.

திருவிழாவுக்கு முந்தின கிழமை அவருக்குக் காய்ந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. பம்பைக் கொல்லைப்பக்கம் போய் அடித்துக்கொண்டு வருவார். நான் கையைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்புக்கல் மாதிரி இருந்தது.

"காயுதே."

"குளிருக்குச் சூடா இருக்கு. வாய வச்சிக்கிட்டு இரு."

அடுத்த நாள் எழுந்திருக்க முடியவில்லை. அப்போதுதான் லயத்துக்குத் தெரிந்தது. அவர் பயந்த மாதிரி யாரும் தப்பாகப் பேசவில்லை. மாறாக, அம்மா வந்து இறங்கியிருக்கிறாள் என்றார்கள். எங்கள் குளிருக்கு வேப்பமரம் வளராது. திருவிழாவுக்கென்று பதுளையிலிருந்து கொண்டுவந்த வேப்பிலையில் ஒரு கொத்தை எடுத்து வாசலில் செருகினார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா மஞ்சள் தண்ணீர் தெளித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மகள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்று அழுதாள். அவர் தலையை ஆட்டினார். காப்போடு எல்லை தாண்டமாட்டேன் என்பது அதற்கு அர்த்தம். பேச மூச்சில்லை.

மத்தியானம் கஞ்சி கொடுக்கும்போது அவருடைய நகத்தைப் பார்த்தேன். நீலமாக இருந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு, மகளை உட்காரவைத்துவிட்டு, பூசாரி வீட்டுக்கு ஓடினேன். காப்பைக் கட்டினவர் அவர். அவர் அவிழ்த்தால்தான் உண்டு.

பூசாரி கோயிலுக்குப் பின்னால் ஒற்றைக் காம்பராவில் இருக்கிறார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பார்த்தேன். வேட்டியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, வயிற்றுச் சதையைப் பிடித்து, ஒரு சின்ன ஊசியைத் தனக்குத்தானே குத்திக்கொண்டிருந்தார். அவர் மணிக்கட்டிலும் காப்பு இருந்தது. எங்கள் எல்லோருடையதையும் விட அது தடிப்பான நூல்.

வாசலில் என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"வா தங்கச்சி. சீனி வியாதி எனக்கு. வேளா வேளைக்குக் குத்திக்கணும். குத்தாட்டி விழுந்திருவேன்."

"காப்பு கட்டியிருக்கீங்களே அண்ணே."

"அதுக்கு? நான் விழுந்துட்டா அம்மாவுக்கு யாரு பூசை வைக்கிறது?" ஊசியைத் துடைத்து டப்பாவில் வைத்தார். "மிஸ் வந்து அந்தக் காய்ச்சல் ஊசியும் போட்டுச்சே, அதையும் அன்னைக்கே போட்டுக்கிட்டேன். ஏன் கேக்குற?"

"அவரு போட்டுக்கலண்ணே. காப்புல ஊசி கூடாதுன்னு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே தங்கச்சி."

"கேக்கலண்ணே. இப்ப மூச்சே வரல அவருக்கு. நகம் நீலமாயிருச்சு, காப்ப அவுத்து விடுங்க."

பூசாரி எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

காம்பராவில் கூட்டம் நின்றது. பூசாரி எல்லோரையும் விலக்கிவிட்டு என் வீட்டுக்காரரின் தலைமாட்டில் உட்கார்ந்தார். நெற்றியில் திருநீறு வைத்தார். காப்பை அவிழ்த்தார். அவிழ்த்ததைக் கீழே போடவில்லை. தன் கையிலேயே, தன் காப்புக்கு மேலே கட்டிக்கொண்டார்.

"இது என் கையில இருக்கட்டும். நீ போயிட்டு வந்து வாங்கிக்க."

என் வீட்டுக்காரர் வாயை அசைத்தார். "சட்டி..." என்றார்.

"மொதல்ல மூச்ச எடு. சட்டிய அப்புறம் எடுக்கலாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியாமல் இருமினார்.

எங்கள் லயத்துக்கு வாகனம் வராது. கம்பளியில் வைத்து நான்கு ஆள் தூக்கினார்கள். மகன் தலைப்பக்கம் பிடித்தான். கொழுந்து ஏற்றிக்கொண்டு லொறி தோட்டப் பாதையில் நின்றது. டிரைவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூட்டைகளைத் தள்ளி இடம் செய்தான். அன்றைக்குப் பறித்த பச்சைக் கொழுந்தின் மேல் அவரைச் சாய்த்து வைத்தோம். பெரிய ரோட்டு வரைக்கும் அப்படிப் போனோம். பிறகு ஆட்டோ. பதுளைப் பெரியாஸ்பத்திரி.

மாஸ்க் வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். அந்தக் காய்ச்சல் சளியாக நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். ஒரு டொக்டர், வயது குறைவு, தமிழ் நன்றாகப் பேசினார். தடுப்பூசி போட்டாரா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்றார். எப்படிச் சொல்வது?

பிறகு நான்தான் கேட்டேன். "போட்டிருந்தா வந்திருக்காதா ஐயா?"

"அப்பிடிச் சொல்ல ஏலாதும்மா. போட்டவங்களுக்கும் வரும். ஆனா இவ்வளவு மோசமாகாம இருந்திருக்கலாம்."

அந்த டொக்டர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அந்த வார்த்தை இன்னும் நினைவில் நிற்கிறது. போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். போட்டாலும் பயனில்லை என்றிருந்தால் மனதைத் தேற்றியிருப்பேன். இரண்டும் இல்லை.

திருவிழா அன்றைக்கு நானும் மகளும் ஆஸ்பத்திரியில். தீச்சட்டியை மகன் எடுத்தான். பூசாரிதான் எடுக்கச் சொன்னாராம். அவன் போனில் சொன்னதை மகள் அப்பாவின் காதில் சொன்னாள். மழை பெய்தது, சட்டி அணையவில்லை என்றாள். மாஸ்க்குக்குள் அவர் தலையசைத்தார். அது அவருக்கு விளங்கியது. அதற்குப் பிறகு நாங்கள் சொன்ன எதுவும் அவருக்கு விளங்கின மாதிரித் தெரியவில்லை. திருவிழா முடிந்து அந்தக் கிழமையே போய்விட்டார்.

லயத்துக்குக் கொண்டுவந்தோம். பூசாரி வந்தார். தன் கையிலிருந்த அவருடைய காப்பை அவிழ்த்து, அவர் கையில் கட்டினார். "வாங்கிக்கச் சொன்னேன்ல" என்றார். பூசாரி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காப்பை அவிழ்த்ததால்தான் ஆள் போனார் என்று சிலர் பேசினார்கள். பூசாரி காதுக்கும் போனது. "அவுத்தவன் நான். கோவம்னா என்னையத்தான எடுத்திருக்கணும்" என்றார். பேச்சு நின்றது.

போன வருடம் ஊசி வரவில்லை. இந்த வருடம் வந்தது. மிஸ் வீடு வீடாகப் போகவில்லை. பூசாரி அவரைக் கோயில் வாசலுக்கே வரச் சொல்லிவிட்டார். காப்பு கட்டுகிற அன்றைக்கு, கட்டுவதற்கு முன்னால். பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்தவர் பூசாரி. அவருக்குச் சட்டை கழற்றுகிற வேலையும் இல்லை. எல்லோரும் பார்க்கப் போட்டுக்கொண்டார். தனக்கு இருந்த சீனி வியாதியையும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

எழுதின பேர்களில் என் பேரும் இருந்தது. இந்தத் தடவை பிரஷர்காரர்களுக்கும் உண்டு; எனக்குப் பிரஷர் என்று எழுதியிருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவருக்குக் கிடைக்காதது எனக்கு எதற்கு என்று இருந்தது. கை வலித்தால் மறுநாள் கொழுந்து குறையும், அரைப் பேர்தான் போடுவார்கள், அரை நாள் சம்பளம் போய்விடும், அந்த நினைப்பும் இருந்தது. வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று ஒரு கால் எடுத்தும் வைத்தேன்.

பூசாரி பார்த்துவிட்டார்.

"என்ன தங்கச்சி யோசன? என்னைய ஏதும் கேக்கணுமா?"

"ஆமாண்ணே. போட்டுக்கலாமா?"

"போட்டுக்க."

இவ்வளவுதான். இதைக் கேட்க எனக்கு ஒரு மூச்சு நேரங்கூட ஆகவில்லை. அன்றைக்கு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை. தெரிந்த விஷயம்தானே என்று இருந்துவிட்டோம். இப்போதெல்லாம் தெரிந்த விஷயமென்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நீல நகம்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். மிஸ் பேனாவை எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"வீட்டுல எத்தன பேர் அக்கா?"

அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

மூன்று.