பூட்டியிருந்த தோட்டம்

ஆக்லாந்திலிருந்து நாங்கள் அயர்லாந்து போனதே, ஏரிக்கரையில் இருக்கும் ஒரு பழைய கன்னியர் மடத்தின் தோட்டத்தைப் பார்க்க என் மனைவி ஆசைப்பட்டதால்தான். நானோ மடத்துக்குள்ளேயே நின்று, எந்தச் சுவரை எந்த ஆண்டில் கட்டினார்கள் என்று ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

“ஏங்க, தோட்டத்தை மூடிடுவாங்க,” என்றாள்.

“நீ முன்னால போயேன்.”

“தனியாப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்தைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் எங்களுக்கு விமானம். அவள் பூட்டிய வாசல் கம்பிகளின் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ஆக்லாந்தில், ஹில்ஸ்பரோவிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத் தோழி கேட்டாள்: “தோட்டம் எப்பிடி அக்கா? வடிவா இருந்ததோ?”

நான் குனிந்து பெட்டியைத் திறக்கத் தொடங்கினேன்.

“ரொம்ப அழகு. இவர்தான் ஒவ்வொரு செடியாக் காட்டினார்,” என்றாள் மனைவி.

அந்தத் தோட்ட வாசலிலேயே அவள் என்னைத் திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.